வெறும் பஸ்ஸுக்கு ஒரு வாக்கு

நான் கட்சியில் சேர்ந்தது ஒரு பிறந்தநாள் விழாவில். ஒரு கையில் மட்டன் ரோல், மற்றக் கையில் டிஷ்யூ. தம்பி வந்து பக்கத்தில் நின்றார். கையில் ஃபோன்.

"அண்ணை, உங்கட ஈமெயிலைச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"கட்சியில சேர்க்கிறன்."

"எந்தக் கட்சி?"

"என்ர கட்சி அண்ணை."

ரோலைத் தின்று முடிக்குமுன் நான் உறுப்பினர். மனைவியும் உறுப்பினர். கேக் வெட்டுமுன் மண்டபத்தில் பாதிப் பேர் உறுப்பினர். பிறந்தநாள் பிள்ளைக்கு ஐந்து வயது. அதனால் தப்பியது.

தம்பி என் கூடப்பிறந்தவர் அல்ல. எங்கள் பக்கத்துத் தமிழரில் படித்தவர். வீடு வாங்கி விற்கும் தரகு வேலை. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் ஆட்கள் இருக்கும் வீடுகளில் அரைவாசி அவர் காட்டிக் கொடுத்தவை. என் வீடும் அப்படித்தான். எனக்கு டெனிஷ் கடிதம் வந்தால் அவர்தான் வாசித்துச் சொல்வார். நான் படுத்த படுக்கையாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரோடு கதைத்தவரும் அவர்தான். நல்ல மனிதன். அவருக்கு இப்போது கொம்யூன் என்கிற நகரசபைக்குப் போக ஆசை வந்துவிட்டது.

கொம்யூன் தேர்தல் கார்த்திகையில். அதற்கு முன் கட்சிக்காரர் குளிருக்குள் ஒரு கூட்டம் வைப்பார்கள். கட்சிப் பட்டியலில் யார் பெயர் முதலாவதாக வருவது என்று உறுப்பினர் வாக்குப் போட வேண்டும். எங்கள் கிளை சின்னது. முதல் பெயருக்குத்தான் சபைக்குள் போக வாய்ப்பு. இரண்டாவது பெயர் போஸ்டரில் கை கட்டிச் சிரிக்கலாம்.

பஸ் கதையையும் சொல்ல வேண்டும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. இல்லம் பக்கத்துக் கிராமத்தில். எனக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. கார் ஒன்று. அவள் வேலை முடியும் நேரம் நான் காரோடு போய்விட்டிருப்பேன். அவள் கார் ஓடுவதில்லை. முன்பு பழகினாள். ஒரு மார்கழியில், பழக்குகிறவரையும் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றாள். தொடவில்லை.

ஆகவே பஸ். கடைசி பஸ். அதை நிறுத்தப் போவதாகக் கொம்யூனில் பேச்சு. நின்றால் அவளுக்கு வேலை இல்லை. பகல் வேலைக்கு இடமில்லை என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் வேறு வேலை கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதோடு அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. ஆனால் பிடிக்கும்.

அந்தப் பிறந்தநாள் விழாவிலேயே தம்பியிடம் கேட்டேன்.

"தம்பி, அந்தக் கடைசி பஸ்?"

"அதை விடுங்கோ அண்ணை. வெறும் பஸ் ஓடுது. ஆர் இருக்கினம் அதுக்குள்ள? அந்தக் காசில எவ்வளவு செய்யலாம்."

ஆர் இருக்கினம் என்று காட்டியிருக்கலாம். அவருக்குப் பின்னால் இரண்டாவது மேசையில் என் மனைவி பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்குமுன் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் எட்டுப் பேர் கட்சி இல்லாமல் இருந்தார்கள்.

தம்பிக்கு எதிராக நின்றவர் ஒரு டெனிஷ் அம்மா. தபால் கொண்டு திரிந்தவர், இப்போது ஓய்வு. இடுப்பு எலும்பு மாற்றியவர். கார் இல்லை. அந்த வெறும் பஸ்ஸில் மனைவிக்கு முன் இருக்கையில் வருகிறவர். பஸ்ஸை நிறுத்த விடமாட்டேன் என்பது அவர் கொள்கை. வேறு கொள்கை உண்டா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி ஒரு முறை கேட்டாள்.

"ஆருக்குப் போடப் போறியள்?"

"பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது?"

எனக்குக் கவலை இல்லை. வாக்குப் பேப்பரில் எழுதி, மடித்து, பெட்டிக்குள் போடுவது. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் போட்டுவிட்டுத் தம்பிக்குக் கையும் கொடுத்துவிட்டு வரலாம். இரகசிய வாக்கைக் கண்டுபிடித்தவன் எங்கள் சனத்தை நன்றாகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். முதல் நாள் பனி கொட்டியது. பிறகு உருகியது. பிறகு உறைந்தது. டென்மார்க் குளிர் எந்த வேலையையும் ஒரு தடவையில் முடிக்காது. விளையாட்டு மண்டபத்துக் கார்த் தரிப்பிடம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு காரில் ஐந்து பேர் வரலாம். எங்கள் ஆட்கள் ஒரு காருக்கு ஒருவர், இருவர் என்று வந்தார்கள். இடம் போதாமல் புல்லிலும் வேலியிலும் விட்டார்கள். ஒருவர் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வான் ஒன்றை விட்டார். அதற்கும் கைதட்டலாம்.

வாசலில் வரிசை. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெண். உறுப்பினரா என்று பார்த்து ஒவ்வொருவராக விட்டார். எங்கள் பெயர்கள் நீளம். அப்பா பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதில் எங்களுக்கே ஒற்றுமை இல்லை. பாஸ்போர்ட்டில் ஒன்று, ஃபோனில் ஒன்று. பிறந்தநாள் விழாவில் வாய்க்குள் ரோலை வைத்துக்கொண்டு சொன்னது இன்னொன்று. அந்தப் பெண் ஒரு விரலால் தட்டினார். பிழைத்தால் அழித்துவிட்டு முதலில் இருந்து தட்டினார். பொறுமைசாலி. உள்ளே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நானும் பொறுமைசாலி.

வெளியே காற்று. எனக்கு முன்னால் ஒரு தமிழ்நாட்டுக்காரர். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். மெல்லிய ஜாக்கெட். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

"அண்ணா, டோக்கன் எதுவும் குடுக்க மாட்டாங்களா?"

"இல்லை."

"எங்க ஊர்லன்னா ஒரு பந்தலாவது போட்டிருப்பாங்க."

"இது முன்னேறின நாடு தம்பி. பந்தல் இல்லை."

"அப்ப உள்ளயாவது உட்கார இடம் இருக்குமா?"

"போய்ப் பாத்திட்டுச் சொல்லும்."

இடம் இருக்கவில்லை. போன தடவை கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு மேசைக்குள் அடங்கியிருப்பார்கள் போல. முப்பது கதிரை போட்டிருந்தார்கள். ஒரு ஃபிளாஸ்க் கோப்பி. ஒரு கேக். டெனிஷ் கொடி அடித்த பேப்பர் நாப்கின் ஒரு கட்டு. நாங்கள் மட்டும் ஐம்பது பேர். டெனிஷ்காரர் முப்பது பேர் இருப்பார்கள். தலைவர் முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்த உயரமான மனிதர். கட்சி வளர்ந்துவிட்டது என்று முதலில் மகிழ்ந்தார். பிறகு கதவைப் பார்த்தார். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு மகிழ்வதை நிறுத்திவிட்டார்.

தம்பியின் ஆட்கள் நாலு அலுமினியத் தட்டில் வடையும் ரோலும் கொண்டுவந்திருந்தார்கள். தேர்தல் என்றாலும் சனம் பசியோடு போகக் கூடாது. ஒரு டெனிஷ் கிழவர் விலை எவ்வளவு என்று கேட்டார். சும்மா என்றதும் மூன்று எடுத்தார். அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அந்த வடை.

உள்ளே வந்த எங்கள் சனம் வழக்கம்போல நின்றது. பெண்கள் யன்னல் பக்கம். ஆண்கள் கதவுப் பக்கம். யாரும் சொல்லவில்லை. கோயிலில் அப்படி, சேர்ச்சில் அப்படி, கலியாண வீட்டில் அப்படி, செத்த வீட்டிலும் அப்படி. டென்மார்க் வந்து முப்பது வருடம் கழிந்தாலும் கால் தானாகவே பிரிந்து போய் நிற்கும். டெனிஷ்காரர் மட்டும் புருஷன் பெண்சாதியாக அங்கும் இங்கும் நின்றார்கள்.

பேச்சு நடந்தது. மைக் கூவியது. தம்பி எதிர்காலம் பற்றிப் பேசினார். நல்ல டெனிஷ். எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் நல்லாக இருந்தது. அம்மா பஸ்ஸைப் பற்றிப் பேசினார். சுருக்கமாகப் பேசி இருந்துவிட்டார். இடுப்பு நோவாக இருக்கும்.

பிறகு வாக்கு. பேப்பர் நாற்பதுதான் அடித்திருந்தார்கள். ஃபொட்டோ கொப்பி மெஷின் அலுவலக அறைக்குள். அறை பூட்டு. திறப்பு வைத்திருப்பவர் நோர்வேயில் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார். வாசலில் இவ்வளவு பனி கிடக்க அவர் நோர்வேக்குப் போனது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாப்கினில் எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் விடவில்லை. அதில் கொடி இருக்கிறதாம். வாய் துடைக்கலாம். எழுதக் கூடாது.

கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினோம். ஒரு கையில் வடை வைத்திருந்தவர்கள் மற்றக் கையைத் தூக்கினார்கள். சிலர் இரண்டு பேருக்கும் தூக்கினார்கள். பகை வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். தலைவர் எண்ணி முடித்தபோது மண்டபத்தில் இருந்த ஆட்களைவிட வாக்கு அதிகம்.

அதோடு ஆறு மணிக்குப் பட்மின்டன் விளையாடுகிறவர்கள் வருவார்கள். மண்டபத்தை விட வேண்டும். தலைவருக்கு வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்த்த ஒரே ஆள் அவர். கடைசியாக மைக்கில் சொன்னார். அம்மாவுக்கு வாக்குப் போடுகிறவர்கள் யன்னல் பக்கம் போங்கள். தம்பிக்குப் போடுகிறவர்கள் கதவுப் பக்கம் போங்கள். மைக் கூவியது. ஒரு குழந்தை அழுதது. பின்னுக்கு நின்றவர்கள் ரோலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

டெனிஷ்காரர் எல்லோரும் நடந்து யன்னல் பக்கம் போனார்கள். எங்கள் சனம் அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? பெண்கள் பெண்கள் பக்கத்தில். ஆண்கள் ஆண்கள் பக்கத்தில். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தலைவர் விரலை நீட்டி எண்ணினார். பன்றி எண்ணிப் பழகிய விரல். வேகமாக எண்ணியது.

அம்மா வென்றார். பெரிய வித்தியாசம்.

யன்னல் பக்கம் தம்பியின் மனைவி வடைத் தட்டோடு நின்றார். பக்கத்தில் தம்பியின் மாமியார். தங்கச்சிமார் இரண்டு பேர். தம்பியின் வீடு முழுவதும் தம்பியைத் தோற்கடித்துவிட்டது. மாமியார் சந்தோஷமாகக் கைதட்டினார். மருமகன் வென்றுவிட்டார் என்று நினைத்தார்.

நான் கதவுப் பக்கம். என் வாக்கு என் மனைவியின் பஸ்ஸை நிறுத்துவதற்கு விழுந்திருந்தது. மனைவி யன்னலடியில் இருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாசிக்கத் தம்பி தேவையில்லை.

தம்பி தலைவரிடம் ஓடினார். டெனிஷில் விளக்கினார். இது வாக்கு இல்லை, இவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்றார். தலைவருக்கு விளங்கவில்லை.

"வாக்குப் போடத்தானே வந்தார்கள்?"

"ஆம்."

"யன்னல் பக்கம்தானே நின்றார்கள்?"

"அது பெண்கள் என்பதால்."

தலைவர் யன்னல் பக்கம் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார்.

"இது கலாசாரமா?"

"ஆம், கலாசாரம்."

கலாசாரம் என்றால் டெனிஷ்காரர் உடனே மரியாதையாகிவிடுவார்கள். திரும்ப எண்ணுவோம் என்றார். இந்த முறை தமிழிலும் சொல்ல வேண்டும் என்றார். மண்டபத்தில் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லக்கூடியவர் யார்? தம்பி. தன் தேர்தலைத் தானே மொழிபெயர்த்தார். அதில் பிழை ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை.

"அக்காமார், எனக்குப் போடுற ஆக்கள் எல்லாரும் இஞ்சால ஆம்பிளையள் பக்கம் வாங்கோ. வெக்கப்படாதேங்கோ. ஒரு நிமிசம்தான்."

அந்த அம்மாவுக்குப் போடுகிறவர்கள் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அவசரத்தில் விட்டிருப்பார்.

தம்பியின் மனைவி வந்தார். மாமியாரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தங்கச்சிமார் வந்தார்கள். இன்னும் பத்துப் பதினைந்து பேர், கைப்பை, பிள்ளை, ஜாக்கெட் எல்லாவற்றோடும். மற்றவர்களை இந்தப் பக்கத்தில் இருந்து புருஷன்மார் கூப்பிட்டார்கள்.

"இஞ்ச, இஞ்சால வாரும்."

"கால் உளையுது. நான் இதில நிக்கிறன்."

"நாலடிதானே?"

"ஏலாது."

இன்னொருவர் பிள்ளை நித்திரை, அசைத்தால் எழும்பிவிடும் என்றார். பிள்ளை முழித்துக்கொண்டு வடை தின்றது. மூன்றாமவர் தன் சப்பாத்து ஹீட்டரில் காய்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். யன்னலடியில் திடீரென்று ஏழெட்டுப் பேருக்கு நடக்க முடியாமல் போய்விட்டது. எனக்கு எல்லோரையும் தெரியும். மனைவியோடு இல்லத்தில் வேலை செய்கிறவர்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பின்னேரம் துப்புரவு செய்கிறவர்கள். எல்லோரும் அந்தக் கடைசி பஸ்.

என் மனைவிக்குக் கால் உளையவில்லை. சப்பாத்தும் காலில் இருந்தது. கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். சாட்டு ஒன்றும் சொல்லவில்லை. தம்பிக்கு அது விளங்கவில்லை. மைக்கிலேயே கேட்டார்.

"அக்கா, உங்களைத்தான். நான் சொன்னது விளங்கேல்லையே?"

"விளங்கிச்சு தம்பி."

"அப்ப வாங்கோவன்."

"நீர் வெறும் பஸ் எண்டு சொல்லித் திரியிறீர். அதுக்குள்ள நான்தான் இருக்கிறன்."

குரலை உயர்த்தவில்லை. இல்லத்தில் காது கேளாத கிழவர்களோடு கதைக்கிற குரல். பின் சுவர் வரை போனது. ரோல் கதை நின்றது. டெனிஷ்காரருக்கு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அவள் புருஷன் எங்கே என்று பார்க்க வேண்டும் அல்லவா. கதவுப் பக்கம், தம்பியின் ஆட்களுக்கு நடுவில், நன்றாகத் தெரியக்கூடிய இடத்தில் நின்றேன்.

போனேன். வேறு வழி இல்லை. நடுவில் வெறும் நிலம். விளையாட்டுக்குக் கீறிய நீலக்கோடும் சிவப்புக்கோடும். என் சப்பாத்தில் இருந்து பனி உருகி நான் போன பாதை முழுக்க ஈரம். யாராவது சந்தேகப்பட்டால் பிறகும் வந்து பார்க்கலாம். நல்ல கதை என்றால் என் பின்னால் நாலு புருஷன்மார் வந்திருப்பார்கள். ஒருவரும் வரவில்லை. தமிழ்நாட்டுக்காரர் மட்டும் வந்தார். அவரிடம் கார் இல்லை.

மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சுற்றிவரப் பெண்கள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நிலத்தைப் பார்த்தேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சனம்."

"ம்."

தலைவர் எண்ணினார். திரும்ப எண்ணினார். அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகம். மிகக் கொஞ்சம். தம்பியின் ஆள் ஒருவர் மூன்றாம் தரம் எண்ணச் சொன்னார். அதற்குள் பட்மின்டன்காரர் வந்து வலையை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சனநாயகத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. தலைவர் முடிவைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கதிரையில் இருந்தார். யாரோ அவருக்கு ஒரு ரோல் கொடுத்தார்கள்.

அம்மா வந்து மனைவியின் கையைப் பிடித்தார். டெனிஷில் ஏதோ சொன்னார். மனைவியும் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெளியே இருட்டு. கார் அசையவில்லை. டயர் ஐஸில் சுற்றியது. இறங்கிப் பார்த்தேன். ஏறிப் பார்த்தேன். அப்போது பின்னால் ஆட்கள் வந்தார்கள். தம்பியின் ஆட்கள். முகம் கல் மாதிரி. காரில் கையை வைத்துத் தள்ளினார்கள். வாக்கு வேறு, ஐஸ் வேறு. தம்பியும் வந்தார். கூட்டத்துக்குப் போட்ட நல்ல சப்பாத்து. வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து எழும்பினார்.

"ரெண்டாம் கியரில போடுங்கோ அண்ணை."

போட்டேன்.

"மெதுவா. மெதுவா."

கார் வெளியே வந்தது. கண்ணாடியை இறக்கினேன். தம்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருக்கலாமே அண்ணை."

"என்னத்தை?"

"அக்கா அந்த பஸ்ஸில வாறதை."

"ஆர் இருக்கினம் எண்டு கேட்டனீர். மறுமொழிக்கு நிக்கேல்லை."

அவர் தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி ஒரு வசனம்தான் பேசினாள்.

"பஸ்ஸில வந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பிறந்தநாள் விழாக்களுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. சனி ஞாயிறு ஓய்வாக இருந்தது. பிறகு கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எதுவும் நிலைப்பதில்லை. கார்த்திகையில் அம்மா சபைக்குள் போனார். தம்பி போகவில்லை. ஆனால் கடிதம் கொண்டுபோனால் இன்னும் வாசித்துச் சொல்கிறார். முன்பு கதவைத் திறந்ததும் தேத்தண்ணி வரும். இப்போது கடிதம் வாசித்த பிறகு வருகிறது.

பஸ்ஸை நிறுத்துவதைக் கொம்யூன் தள்ளிவைத்திருக்கிறது. நிறுத்தவில்லை, தள்ளிவைத்திருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கதைப்பார்களாம்.

இன்று காலை நான் வேலை முடிந்து வந்தபோது மனைவி குசினியில் நின்றாள்.

"நேற்று பதினொரு பேர்" என்றாள்.

"எங்க?"

"பஸ்ஸில."

எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அதில் ஐந்து பேர் அடுத்த ஊருக்குப் போகத் தேவையே இல்லாதவர்களாம். இவள் கேட்டதற்காகச் சும்மா ஏறிப் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறார்களாம்.

"உங்களுக்கு இண்டைக்கு லீவுதானே" என்றாள்.

"ஓம்."

"ஜாக்கெட்டை இப்ப கழட்டுங்கோ. இரவைக்குக் கடைசி பஸ்ஸில ஏறேக்க போட்டாப் போதும்."